காசிமேடு படத்தில் மீன்காரம்மா பின்னணியோடு ஒட்டவே மாட்டேன் என்கிறார், வழி சொல்லுங்கள்

ராயபுரம்_தூரிகை:

வணக்கம் மக்களே. 24க்கு 36 அங்குலம் கேன்வாஸில் அக்ரிலிக் படம் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகம், விடியற்காலை. பின்னால் விசைப்படகுகள் வரிசையாக நிற்கின்றன, அதற்கும் பின்னால் கடல், வானம். முன்னால் ஒரு அம்மா கூடையில் வஞ்சிரமும் சங்கராவும் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இடது பக்கம் ஐஸ் பெட்டியில் சாய்ந்தபடி ஒரு பையன் நிற்கிறான்.

பின்னணியைத் தனியாகப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது. அந்த அம்மாவைத் தனியாகப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது, முகம் அச்சு அசல் அவரேதான், எங்கள் தெருவில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. பழைய போட்டோ ஸ்டுடியோவில் கடல் வரைந்த படுதாவுக்கு முன்னால் ஆளை உட்காரவைத்து எடுத்த மாதிரி இருக்கிறது.

எப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னணி, காலை ஆறு மணி வாக்கில் கடலைப் பார்த்து நின்றபடி போனில் எடுத்த படம். அந்த அம்மா எங்கள் தெருவுக்கு மீன் விற்க வருபவர், அவரிடம் கேட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் பதினோரு மணி வெயிலில் எடுத்தேன், நான் படிக்கட்டின் மேல் நின்றிருந்தேன். பையன் என் சித்தி மகன், வீட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தது. மூன்றையும் கட்டம் போட்டு கேன்வாஸில் ஏற்றி, உருவங்கள் வர வேண்டிய இடத்தை வெள்ளையாகவே விட்டுப் பின்னணியை முடித்தேன், அப்புறம் உருவங்களை நிரப்பினேன். இப்போது ஓரங்களை மட்டும் சரிசெய்தால் போதுமா, இல்லை வேறு ஏதாவது செய்ய வேண்டுமா? படத்தை இணைத்திருக்கிறேன், தயவுதாட்சண்யம் இல்லாமல் சொல்லுங்கள்.

மாலைமதி_77:

சூப்பராக இருக்கிறது ப்ரோ. ஈரத் தூரிகையால் உருவத்தைச் சுற்றி எல்லா ஓரத்தையும் மழுக்கிவிடுங்கள், பின்னணி முழுக்க வெள்ளை கலந்து மெல்லிசாக ஒரு கோட் கொடுங்கள். தன்னால் ஒட்டிக்கொள்ளும்.

மின்ட்_பேனர்காரன்:

மேலே சொன்னதைச் செய்துவிடாதே தம்பி. ஓரத்தை எல்லாம் மழுக்கினால் உருவம் ஒட்டாது, பொசபொசவென்று தனியாக நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சினிமா பேனர் எழுதின ஆள். ஃபிளெக்ஸ் வந்து எங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்புகிற வரைக்கும் எங்கள் வேலை நீ கேட்பதற்கு நேர் எதிரானது. மவுண்ட் ரோட்டில் பஸ்ஸில் போகிறவன் ஜன்னல் வழியாகத் திரும்பினால் ஹீரோவின் முகம் அவன் மேல் வந்து விழ வேண்டும். அதனால் உருவத்தைப் பின்னணியிலிருந்து பிய்த்து வெளியே எடுப்பது எப்படி என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முகத்தைச் சுற்றி ஒரு வெளிர் கோடு ஓட்டுவோம். படத்திலேயே அதிக வெளிச்சமும் அதிக இருட்டும் ஹீரோவின் மேலேயே இருக்கும், பின்னால் இருக்கிற மலையோ மாளிகையோ இரண்டுக்கும் நடுவில் சோம்பலாகக் கிடக்கும். உச்சந்தலை முதல் பெல்ட் வரை ஓரம் கத்தி மாதிரி இருக்கும். நீ இணைத்த படத்தில் இந்த மூன்றும் இருக்கிறது. தெரியாமலே நல்ல பேனர் போட்டிருக்கிறாய்.

குறிப்பாக அந்த அம்மாவின் வலது தோளைப் பெரிதாக்கிப் பார். புடவைக்கும் படகுக்கும் நடுவில் நூல் அளவுக்கு வெள்ளை கேன்வாஸ் தெரிகிறது. அதுதான் நீ இடம் விட்டுப் பின்னணி போட்டதன் பலன். நாங்கள் காசு வாங்கிக்கொண்டு போட்ட வெளிர் கோட்டை நீ சும்மாவே போட்டுவிட்டாய். பின்னணி எப்போதும் உருவத்துக்குள் கொஞ்சம் ஏறி இருக்க வேண்டும், அதன் மேல் உருவம் வந்து உட்கார வேண்டும், அப்புறம் மறுபடி பின்னணிச் சாயத்தை எடுத்து உருவத்தின் ஓரத்தை அங்கங்கே வெட்ட வேண்டும். இப்படி முன்னும் பின்னுமாக ரெண்டு மூன்று தடவை போய் வந்தால்தான் யார் முன்னால், யார் பின்னால் என்பதே இயல்பாக வரும்.

இன்னொரு விஷயம். வெள்ளை கேன்வாஸில் நேராக ஆரம்பிக்காதே. யெல்லோ ஓக்கர் என்கிற மண் மஞ்சளும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் தண்ணீராகக் கலந்து முழு கேன்வாஸுக்கும் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிடு. மேலே வேலை செய்யும்போது படகிலும் வானத்திலும் புடவை மடிப்பிலும் அந்த அடி நிறம் பொடிப்பொடியாக எட்டிப் பார்க்கும்படி விட்டுவிடு. ஒரே நிறம் எல்லா இடத்திலும் தலைகாட்டினாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

எழும்பூர்_கரித்துண்டு:

பேனர் ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் தூரிகை அண்ணா, உங்கள் படத்தில் ஓரத்தைத் தொடுவதற்கு முன்னால் ரெண்டு பெரிய சிக்கல் இருக்கிறது. நான் கவின்கலைக் கல்லூரி மாணவி, 1850இல் ஆரம்பித்த கல்லூரி என்று ஊரெல்லாம் பெருமை பேசுவோம், முதல் வருடம் முழுக்க எங்களைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுப்பது இந்த ரெண்டைத்தான்.

முதலில் வெளிச்சம். காலை ஆறு மணிக்குக் கடலைப் பார்த்து நிற்கிறீர்கள் என்றால் கிழக்கே பார்க்கிறீர்கள், சூரியன் உங்களுக்கு நேர் எதிரே, தாழ்வாக. அப்படியானால் உங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எல்லோருக்கும் வெளிச்சம் முதுகுப் பக்கம்தான். நம்மைப் பார்த்திருக்கிற முகம், மார்பு, கூடையின் முன்பக்கம் எல்லாம் நிழலில் இருக்கும். தலைமுடி ஓரத்திலும் தோள் மேலும் மட்டும் மெல்லிய பொன் விளிம்பு ஓடும். நீங்கள் அந்த அம்மாவுக்கு நெற்றியில் பளிச்சென்று வெயில் அடித்து, மூக்குக்குக் கீழே கருநிழல் போட்டிருக்கிறீர்கள், அது பதினோரு மணி வெயில். பையன் முகத்தில் டியூப் லைட்டின் தட்டையான வெளிச்சம். பின்னணியையும் சேர்த்து ஒரே படத்தில் மூன்று பொழுது. ஓரத்தை என்ன மழுக்கினாலும் கண் இதை ஒத்துக்கொள்ளாது. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கிறது என்று மட்டும் தெரியும்.

நிழல் விழும் திசையும் அப்படித்தான். சூரியன் எதிரே என்றால் நிழல்கள் நம்மை நோக்கி நீளமாக வரும், அதுவும் இணையாக வராது. தொடுவானத்தில் சூரியனுக்கு நேர் கீழே ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து ஒவ்வொருவர் காலடி வழியாகவும் கோடு இழுத்தால் அந்தக் கோட்டிலேயே அவரவர் நிழல் விழும்.

இரண்டாவது, கண்மட்டம். இதை யாருமே கவனிப்பதில்லை, எனக்கு இதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது. பின்னணியை நின்றபடி எடுத்தீர்கள், அதனால் தொடுவானம் உங்கள் கண் உயரத்தில் இருக்கிறது, தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்து அடி. சமதரையில் தொடுவானம் ஒவ்வொரு உருவத்தையும் அதே ஐந்து அடி உயரத்தில்தான் வெட்டும், அந்த உருவம் பக்கத்தில் இருந்தாலும் சரி, தூரத்தில் இருந்தாலும் சரி. நிற்கிற பையன் உங்கள் உயரம் என்றால் அவன் கண் வழியாகத் தொடுவானம் போக வேண்டும். தரையில் உட்கார்ந்திருக்கிற அம்மாவின் உச்சந்தலை ரெண்டரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர் உட்கார்ந்த இடத்துக்கும் தொடுவானத்துக்கும் சரியாக நடுவில்தான் தலை வர வேண்டும். உங்கள் படத்தில் அவர் தலை தொடுவானத்தைத் தாண்டி வானத்துக்குள் போய்விட்டது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் அவர் உட்கார்ந்திருக்கவில்லை, ஒரு ராட்சசி உட்கார்ந்திருக்கிறார் (அந்த அம்மா இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்). போதாக்குறைக்கு அவரைப் படிக்கட்டின் மேலிருந்து எடுத்திருக்கிறீர்கள், கூடையின் வாய் அகலமாகத் திறந்து உள்ளே மீனெல்லாம் தெரிகிறது. தலை வானத்தில் இருக்கிறது என்றால் நாம் கீழிருந்து பார்க்கிறோம், கூடைக்குள் தெரிகிறது என்றால் மேலிருந்து பார்க்கிறோம். ரெண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்.

ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்க்வெஸ் வரைந்த பாப்லோ தெ வலாதோலித் என்ற ஆளின் படத்தைத் தேடிப் பாருங்கள், மாட்ரிட்டில் ப்ராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 1635 வாக்கில் வரைந்தது. பின்னால் ஒன்றுமே கிடையாது, சுவரும் தரையும் சேரும் கோடு கூட இல்லை, வெறும் மங்கின சாம்பல். ஆனாலும் ஆள் தரையில் ஊன்றி நிற்கிறார். காலடியிலிருந்து பக்கவாட்டில் ஓடுகிற கொஞ்சூண்டு நிழல்தான் அத்தனை வேலையும் பார்க்கிறது, பிரெஞ்சு ஓவியர் மானே அதைப் பார்த்து அசந்து போனார். உங்கள் படத்தில் அந்த அம்மாவின் கூடை தரையைத் தொடுகிற இடத்தில் அந்த நிழல் இல்லை, அதனால் கூடை மிதக்கிறது.

ராயபுரம்_தூரிகை:

அடேயப்பா. ஓரம்தான் பிரச்சினை என்று நினைத்துக் கேட்டேன், தொடுவானமே தப்பு என்கிறீர்கள். அளந்து பார்த்தேன் தங்கச்சி, நீ சொன்ன மாதிரி தலை நடுவில் வர வேண்டுமென்றால் தொடுவானத்தை ஒரு சாண் மேலே தூக்க வேண்டும். வானம் போய்விடுமே, அதில்தான் ரொம்ப மெனக்கெட்டேன். சரி, அதைவிட ஒரு சந்தேகம். முகம் நிழலில் இருக்கும் என்கிறீர்கள், கறுத்த மேனி, அதையும் நிழலில் போட்டால் வெறும் கருப்பாகத்தானே தெரியும்? போனில் எடுத்த காலைப் படத்தில் ஆட்கள் எல்லாம் கரிக்கட்டை மாதிரிதான் தெரிகிறார்கள்.

தண்டையார்பேட்டை_கம்பாசிட்டர்:

போன் அப்படித்தான் காட்டும். வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் நிழலை எல்லாம் குழியில் தள்ளிவிடும். நேரில் நின்று பார்த்தால் அந்த நிழலுக்குள் அவ்வளவு விஷயம் தெரியும். எதிர்வெளிச்சத்தில் நிற்கும் ஆளின் முகத்துக்கு வெளிச்சம் ரெண்டு இடத்திலிருந்து வருகிறது, ஒன்று உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மேற்கு வானம், அது நீலம் கலந்த சாம்பல். இன்னொன்று தரை. காசிமேட்டுத் தரை எப்போது காய்ந்து கிடந்தது? ஐஸ் தண்ணீரும் மீன் கழுவின தண்ணீருமாக ஈரமாகத்தான் இருக்கும், அது கிழக்கு வானத்தின் பொன்னிறத்தைத் தாடைக்குக் கீழேயும் கைகளின் அடிப்பக்கமும் திருப்பி அடிக்கும். இந்த ரெண்டையும் போட்டாலே முகம் அந்த இடத்தைச் சேர்ந்ததாகிவிடும்.

நான் சினிமாவுக்கு விஎஃப்எக்ஸ், அதாவது கம்ப்யூட்டரில் காட்சி சேர்க்கிற வேலை செய்கிற ஆள், பச்சைத் திரையில் எடுத்த ஆளை வேறு பின்னணியில் உட்காரவைப்பதுதான் தினமும் வேலை. உங்கள் தலைவலிதான் எனக்குச் சம்பளம். நாங்கள் முதலில் பார்ப்பது ஓரம் இல்லை, கருப்பு. பின்னணியில் இருக்கிற அதிகபட்ச இருட்டு எவ்வளவு, அது என்ன நிறம் என்று பார்த்து உருவத்தின் இருட்டை அதற்குச் சமமாக்குவோம். கடற்கரைக் காலைக் காற்றில் ஈரப்பதம் இருக்கும், தூரத்துப் படகின் கருப்பு உண்மையில் கருப்பே இல்லை, நீலச் சாம்பல். முன்னால் வர வர இருட்டு கூடும். பையன் அந்த அம்மாவைவிட ரெண்டு கஜம் பின்னால் நிற்கிறான் என்றால் அவன் தலைமுடியின் கருப்பு அம்மாவின் கொண்டையைவிட ஒரு பிடி வெளுத்திருக்க வேண்டும். நீங்கள் ரெண்டுக்கும் டியூபில் வந்த கருப்பை அப்படியே போட்டிருக்கிறீர்கள்.

அதற்கப்புறம்தான் ஓரம். பின்னால் பளிச்சென்ற வானம் இருந்தால் அந்த வெளிச்சம் உருவத்தின் விளிம்புக்குள் கொஞ்சம் கசிந்து வரும், நாங்கள் அதற்கென்றே லைட் ராப் என்று ஒன்று போடுவோம். நீங்கள் தூரிகையில் செய்யலாம், வானத்துக்குக் கலந்த அதே சாயத்தைக் காய்ந்த தூரிகையில் தொட்டுத் தோள் விளிம்பின் மேல் லேசாக இழுத்துவிடுங்கள். எல்லா இடத்திலும் இல்லை, வானம் பின்னால் இருக்கிற இடத்தில் மட்டும்.

போனில் உங்கள் படத்தை எடுத்துக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எங்கெல்லாம் உருவமும் பின்னணியும் ஒரே சாம்பலாகத் தெரிகிறதோ அங்கே ஓரத்தைத் தொலைத்துவிடலாம். அம்மாவின் கொண்டைக்குப் பின்னால் படகின் இருட்டு அணியம் (முன்முனை) இருக்கிறது, ரெண்டும் ஒரே இருட்டு, அங்கே கோடே வேண்டாம், கொண்டை படகுக்குள் கரையட்டும். பார்க்கிறவர் கண்ணே அதை முடித்துக்கொள்ளும். அதற்குப் பதிலாகக் கை மீனைப் பிடித்திருக்கிற இடத்தில் ஓரம் கூர்மையாக இருக்கட்டும்.

மின்ட்_பேனர்காரன்:

கம்பாசிட்டர் தம்பி சொன்னதற்கு என் பங்குக்குச் சாயக் கணக்கு. கருப்பு டியூபை மூடி வை. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் கருப்புக்குப் பக்கத்தில் ஓர் இருட்டு வரும், நீலத்தைக் கூட்டினால் குளிரும், சியன்னாவைக் கூட்டினால் சுடும். படகின் இருட்டு, கொண்டையின் இருட்டு, நிழலில் இருக்கிற மேனி, தரை ஈரம் எல்லாவற்றையும் இந்த ஜோடியிலிருந்தே எடு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றால் முகஜாடை தானாக வரும்.

மேனி நிறம் என்று எழுதி ஒரு ரோஸ் டியூப் விற்கிறார்கள், அதைத் தொடாதே. அது யாருடைய மேனியோ. நம்ம ஆட்களின் கறுத்த மேனி மினுக்கம் உள்ளது, வெளுத்த தோலைவிட அதில் வானம் பளிச்சென்று தெரியும். நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு ஆகிய இடங்களில் வெள்ளையையோ மஞ்சளையோ வைக்காமல், வானத்தின் நீலச் சாம்பலையே கொஞ்சம் சியன்னா சேர்த்து வைத்துப் பார். பேனரில் முகத்துக்கு நீலமும் பச்சையும் போட்டபோது சிரித்தவர்கள் உண்டு, தள்ளி நின்று பார்த்தபோது வாயை மூடிக்கொண்டார்கள்.

எழும்பூர்_கரித்துண்டு:

அந்தச் சிவப்புப் புடவையையும் யாராவது சொல்லுவீர்கள் என்று பார்த்தேன். சிவப்புக்குப் பின்னால் பச்சைக் கடல், ஒன்றை ஒன்று தூண்டிவிட்டு ரெண்டும் கத்துகின்றன. பாரிஸில் கோபெலின் என்ற திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப் பிரிவைக் கவனித்த ஷெவ்ரல் என்ற வேதியியல்காரர் இதைத்தான் கண்டுபிடித்தார். கருப்பு நூல் சரியாகச் சாயம் ஏறவில்லை என்று புகார் வந்திருக்கிறது, போய்ப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கருப்பைக் கெடுத்திருக்கிறது. 1839இல் புத்தகமாகவே போட்டுவிட்டார். அதனால் புடவைச் சிவப்பை டியூபிலிருந்து எடுக்காமல் கடலுக்குக் கலந்த பச்சையை அதில் ஒரு துளி சேர்த்து அடக்குங்கள். எப்படியும் நிழலில் இருக்கிற புடவை, அவ்வளவு கத்தாது. சூரியன் படுகிற தோள் மடிப்பில் மட்டும் ஒரு கீற்று சுத்தச் சிவப்பு போதும். படகுகளின் பெயர்ப் பலகையிலோ கொடியிலோ அதே சிவப்பைச் சின்னதாக வைத்தால் புடவை தனி மரமாக நிற்காது.

ஈரத் தரையைப் பற்றி ஒன்று. அங்கே நிழலைவிடப் பிரதிபலிப்புதான் தூக்கலாகத் தெரியும். நிழல் சூரியன் சொன்ன பக்கம் போகும், பிரதிபலிப்பு எங்கேயும் போகாது, பொருளுக்கு நேர் கீழே நம்மைப் பார்த்து இறங்கும். வெள்ளை ஐஸ் பெட்டி தரையில் கொஞ்சம் மங்கித் தெரியும், கருத்த கூடை கொஞ்சம் வெளுத்துத் தெரியும். படுக்கைவாட்டில் ரெண்டு மூன்று இழுப்பு இழுத்துத் துண்டாக்கிவிட்டால் தண்ணீர் என்று நம்பிவிடலாம்.

மின்ட்_பேனர்காரன்:

இவ்வளவு பேசுகிறோம், அடிப்படையை விட்டுவிட்டோமே. தம்பி, உன் தெருவுக்கு வருகிற அந்த அம்மா மீனை எங்கே வாங்குகிறார்? காசிமேட்டில் விடிகாலை ஏலத்தில்தானே? அங்கேயே போய்ப் பிடி. அவர் உட்காரப் போகிற இடத்தில் உட்காரச் சொல்லி, நீ பின்னணி எடுத்த அதே இடத்தில் நின்று, அதே ஆறு மணிக்கு எடு. சூரியன் மே, ஜூனில் ஆறுக்கு முன்னாலேயே வந்துவிடும், ஜனவரியில் ஆறரை ஆகிவிடும், அதையும் பார்த்துக்கொள். போன் கரிக்கட்டையாகக் காட்டினால் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தை ஏற்றி இன்னொரு படமும் எடுத்து வைத்துக்கொள். ஏலம் நடக்கிற நேரத்தில் குறுக்கே நின்று திட்டு வாங்காதே. பையனையும் கூட்டிக்கொண்டு போ, அங்கேயே முகம் கழுவிக்கொள்ளட்டும்.

தடைக்காலத்துக்கு முன்னால் போய்விடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகுகளை நிதானமாக வரைய அதைவிட நல்ல காலம் கிடையாது, ஆனால் நீ வரைய வேண்டிய கூட்டம் அப்போது இருக்காது.

ராயபுரம்_தூரிகை:

சித்தி மகன் காலை ஐந்தரைக்கு எழுந்தால் அதுவே செய்தி. ஆனால் அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டேன், சிரித்துக்கொண்டே வா என்றார், பையனுக்கு பதில் அங்கே ஐஸ் உடைக்கிற அவர் அண்ணன் மகனை நிற்கவைத்துவிடலாமாம். இந்த கேன்வாஸை அப்படியே வைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கிறேன், தொடுவானத்தை மேலே ஏற்றி, ஓக்கர் பூச்சு கொடுத்து, படகையும் ஆளையும் ஒன்றாகவே வளர்த்துக்கொண்டு போகிறேன். கடைசியாக ஒன்று. பின்னணியும் உருவமும் ஈரத்தோடு ஈரமாகக் கலக்க வேண்டும் என்றால் அக்ரிலிக் நம்ம ஊர் வெக்கையில் தட்டிலேயே காய்ந்துவிடுகிறதே, ஆயிலுக்கு மாறிவிடட்டுமா?

தண்டையார்பேட்டை_கம்பாசிட்டர்:

இந்த ஒரு படத்துக்காக மாற வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள், அதுதான் முதல் எதிரி. தட்டில் ஈரத்துணி விரித்து அதன் மேல் பட்டர் பேப்பர் போட்டுச் சாயம் கலக்குங்கள், கேன்வாஸுக்கு அவ்வப்போது ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் தூவுங்கள், வழிகிற அளவுக்கு வேண்டாம். சாயம் காய்வதைத் தாமதப்படுத்துகிற ரிடார்டர் கிடைத்தால் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் சேர்க்காதீர்கள், சேர்த்தால் சாயம் பிசுபிசுவென்றே நிற்கும். அப்புறம் அக்ரிலிக் காய்ந்தால் ஒரு சுற்று கருக்கும், வானத்தை நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் வெளிராகவே கலந்து ஒரு துண்டு அட்டையில் தடவிக் காயவைத்துப் பார்த்த பிறகு கேன்வாஸில் வையுங்கள்.

மாலைமதி_77:

நான் சொன்ன வெள்ளை கோட் வேண்டாமா அப்போ?

மின்ட்_பேனர்காரன்:

தூரத்துப் படகுகளுக்கு மட்டும் வானத்துச் சாயத்தில் மெல்லிசாகக் கொடுக்கலாம்பா. சுத்த வெள்ளையில் கொடுத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும்.